மூன்று சுற்று

லைல் டார்கர்சன் டோனட்டைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது. சர்க்கரை வியாதி இல்லை, பல்லில் கோளாறு இல்லை, டாக்டர் யாரும் வேண்டாமென்று சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி ஊற்றும்போது தட்டு அவர் பக்கம் வரும். அவர் அதைப் பாம்பைக் கண்டவர்போல் அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவார்.

“என்னய்யா, சாமியாராப் போகப் போறியா?” என்று மனைவி மார்லிஸ் ஆரம்பத்தில் கேலி செய்தாள். பிறகு விட்டுவிட்டாள். எதைக் கேட்டால் இந்த மனுஷன் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்பது முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

மரம் ஏறி அறுக்கிறவர்களுக்குள் லைலின் ஊரான ஷெல்ட்டன் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவன் தப்பால் கட்டை தவறி விழுந்ததோ, அவன் மறுநாள் காலையில் ஒரு டஜன் டோனட் வாங்கி வந்து லாரியின் முகப்பில் வைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். பெட்டியை வைத்தாலே ‘தப்பு என்னுடையது’ என்று அர்த்தம். மற்றவர்கள் ஆளுக்கொன்று எடுத்துத் தின்றுவிட்டால் ‘சரி, விடு’ என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எவனும் எடுக்கக் கூடாது. நல்ல வழக்கம்தான். உண்மையில் தப்புச் செய்தவனே பெட்டியை வாங்கி வருகிறவரைக்கும்.

லைல் மர ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஆலையில் ரம்பங்களுக்குப் பல் தீட்டினார். மகன் பதினெட்டு வயதில் இடுப்பில் வாரும் காலில் முள் பூட்ஸுமாக மரம் ஏறத் தொடங்கினான். வீட்டுக்கு மேல் சாய்ந்து நிற்கிற மரத்தை அடியில் வெட்டித் தள்ள முடியாது. உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். ஒரு துண்டு எழுநூறு, எண்ணூறு பவுண்டு இருக்கும். மேலே ஒரு கப்பி. கயிறு அதன் வழியாகத் தரைக்கு வரும். கீழே நிற்கிறவன் அந்தக் கயிற்றை அடிமரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பான். மரப்பட்டை சொரசொரப்பாக இருந்தால் கயிறு நிற்கும், பிசின் வழிந்தால் ஓடும். அடியில் நிற்பவன் தலையெழுத்து பட்டையின் கையில்.

“பட்டைய நம்பி உசுர விடறதுக்கு, நடு ரோட்ல படுத்துத் தூங்கலாம்,” என்பார் லைல்.

நாற்பது வயதில் அவருடைய முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஏற முடியாதவர் கீழே உட்கார்ந்து யோசித்தார். பழைய கிணற்றுக் குழாய் ஒன்றை அறுத்து, கனமான இரும்புத் தகட்டில் பற்றவைத்தார். தகட்டை வார்போட்டு அடிமரத்தோடு இறுக்கிவிட்டால், கயிறு மரத்தைச் சுற்ற வேண்டாம், இந்த உருளையைச் சுற்றினால் போதும். கொல்லையில் ஒரு கம்பம் நட்டு, தண்ணீர்ப் பீப்பாயைத் தொங்கவிட்டு, வாளி வாளியாக எடையைக் கூட்டி, எத்தனை சுற்றுக்கு எவ்வளவு எடை நிற்கும் என்று ஒன்றரை வருடம் சோதித்தார். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. பொறுமை மட்டும் மலையளவு இருந்தது. கணக்குப் பிடிபட்டதும், எண், எழுத்து அச்சுகளை வைத்துச் சுத்தியலால் அடித்துத் தகட்டிலேயே பொறித்தார். மூன்று சுற்றுக்கு எண்ணூறு பவுண்டு. எந்த மழையிலும், எந்தச் சேற்றிலும் அந்தக் கணக்குப் பொய்க்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். போர்ட்லாந்தில் மரமேறிகளின் வருடாந்தரப் போட்டி நடந்தபோது, தான் செய்த உருளையை எடுத்துப் போய் ஒரு மேஜைமேல் வைத்தார். யாரோ ஒருவன், பேர்கூடத் தெரியாது, துருப்பிடித்த அந்தக் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“இது என்னப்பா, பன்னிக்குத் தண்ணி காட்டற தொட்டியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். ஒரு சிரிப்பு. மனுஷனுக்கு அது முள்ளாய்க் குத்திவிட்டது. ஊருக்குத் திரும்பியதும், பளபளவென்று ஆரஞ்சு நிற எனாமல் வாங்கி, அடுத்து செய்த ஏழு உருளைகளுக்கும் இரண்டு கோட்டிங் பூசினார். பெருமைக்கு எருமை மேய்த்த கதைதான். தகட்டில் இருந்த எண்கள் வெறும் இரும்புக்குச் சோதித்தவை. வண்ணம் பிற்பாடு வந்தது. பூசிய பிறகு ஒரே ஒரு தடவை பீப்பாயைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில், காய்ந்த கயிறு. நின்றது. ‘ஆச்சு’ என்று கையைத் துடைத்துக்கொண்டார். அட மனுஷா, இந்த ஊரில் வருடத்தில் எட்டு மாதம் மழை பெய்கிறது என்று உனக்கு யாராவது வந்து சொல்ல வேண்டுமா?

அந்த ஏழில் முதலாவது ராய் கோஸ்கியின் குழுவுக்குப் போனது. ராய் மேஸ்திரி, தானே மரமேறுகிறவன். கீழே கயிறு பிடிப்பது எமெட் ப்ரூயிட். எமெட்டின் தம்பி வெஸ், கிளைகளை இழுத்துப் போடுகிறவன். எமெட்டுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கயிறு பிடிப்பதில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. முட்டையைக்கூட உடையாமல் இறக்குவான் என்பார்கள்.

1994 அக்டோபரில் ஒரு பல் மருத்துவரின் வீட்டுக்குப் பின்னால் பெரிய மேப்பிள் மரம். காலையிலிருந்து தூறல். ராய் மேலே ஒரு துண்டை அறுத்துத் தள்ளினான். எமெட் உருளையில் சுற்றிப் பிடித்தான், துண்டு பாதி வழியில் நின்றது. அது கூரைப் பக்கம் ஆடாமல் இருக்கட்டும் என்று வெஸ் கீழே போய் அதைத் தள்ளிப் பிடிக்கப் பார்த்தான். நின்ற துண்டு மெல்ல நகர்ந்தது. பிறகு ஓடியது. எமெட் கயிற்றை விடவில்லை, கையுறை தீய்ந்து உள்ளங்கைத் தோல் உரிகிற வரைக்கும் விடவில்லை. கட்டை வெஸ்ஸின் இடுப்பில் இறங்கியது.

போன் வந்து பத்து நிமிடத்தில் லைல் அங்கே போனார். அதற்குள் ஆம்புலன்ஸ் வெஸ்ஸை ஏற்றிப் போய்விட்டது. எமெட் ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

“எத்தன சுத்து போட்ட?” என்று ராய் கேட்டான்.

“மூணு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுடா.”

“மூணு, ராய். மூணுதான் போட்டேன்.”

கயிறு ஓடிய வேகத்தில் உருளையைவிட்டே துள்ளிக் கழன்று கிடந்தது. எண்ணிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ராய் தகட்டைத் துடைத்துவிட்டுப் படித்தான். பிறகு லைலைப் பார்த்தான்.

“துண்டு எழுநூறுக்கு மேல இருக்காது. மூணு போட்டா நிக்குமா, நிக்காதா? நீ சொல்லு.”

“மூணு சுத்துன்னா நிக்கும்,” என்றார் லைல்.

அந்த நிமிடத்தில் அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதில் குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சொல்லி வாய் மூடுவதற்குள் கயிற்றின் நுனி கண்ணில் பட்டது. வெள்ளைக் கயிற்றில் ஒரு முழ நீளத்துக்கு ஆரஞ்சு நிறம் ஈஷியிருந்தது. உருளையில் பூசிய அதே நிறம். “இத நான் எடுத்துட்டுப் போறேன், என்னன்னு பாக்கணும்,” என்று கயிற்றைச் சுருட்டித் தன் வண்டியில் போட்டுக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. கயிற்றின் கணக்கு அவரைவிட யாருக்குத் தெரியும்?

எமெட் தலை நிமிராமல், “ரெண்டா இருந்திருக்குமோ என்னவோ,” என்றான்.

மறுநாள் காலையில் எமெட் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தான். தம்பியின் இடுப்பெலும்பு நாலு இடத்தில் உடைந்திருந்தது. கட்டுப்போட்ட கைகளால் பெட்டியைத் தூக்க முடியாமல், இரண்டு முழங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்து லாரி முகப்பில் வைத்தான். ஒரு டஜன் டோனட். ஒருத்தனும் கை நீட்டவில்லை. ராய்தான் பெட்டியைத் திறந்து, முதலில் ஒன்றை எடுத்து லைலின் கையில் திணித்தான்.

“நீ மொதல்ல தின்னு. உன் உருளை மேல பழி வரப் பாத்துச்சு. நீ தின்னாத்தான் அவனுக்கு மனசு ஆறும்.”

லைல் தின்றார். எமெட் பார்த்துக்கொண்டே நின்றான். மென்று மென்று பார்த்தும் அது வாயிலேயே இருந்தது, கீழே இறங்கவில்லை. காபியைக் குடித்து இறக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதுகு வலி என்று சொல்லி சர்ச்சுக்குப் போகவில்லை. மார்லிஸின் கார் தெருமுனை திரும்பியதும், மிச்சமிருந்த ஆரஞ்சு உருளை ஒன்றைக் கம்பத்தில் கட்டினார். கயிற்றை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். எழுநூறு பவுண்டு, மூன்று சுற்று. நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டார். மூச்சு முடிவதற்குள் கயிறு நகர ஆரம்பித்தது. பீப்பாய் தரையில் மோதி வெடித்தது. பிறகு அதே உருளையின் வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, வேறு பீப்பாய் வைத்து, அதே ஈரக் கயிற்றை மூன்று சுற்றினார். அரை மணி நேரம் நின்றது. அசையக்கூட இல்லை. சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு மைல்தான் ஆஸ்பத்திரி. வாயில் என்ன கொழுக்கட்டையா? இல்லை, பயம். ‘லைல் செய்தால் நிற்கும்’ என்று ஊர் சொல்லும் பேச்சு போய்விடும் என்ற பயம். வெஸ்ஸின் மனைவி முகத்தைப் பார்க்கிற பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார். நாளை என்பது ஒரு வாரமானது. ஒரு வாரம் கழித்துச் சொன்னால், ஏன் ஒரு வாரம் சும்மா இருந்தாய் என்று கேட்பார்களே! இப்படியே ஒவ்வொரு நாளும் முந்தின நாளின் வாயை அடைத்தது.

ஒன்று செய்தார். பற்றவைப்பில் சின்னக் குறை, சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி, பூசிய உருளை எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, வண்ணத்தைச் சுரண்டித் தேய்த்து வெறும் இரும்பாக்கிக் கொடுத்தார். அப்புறம் செய்த எதற்கும் வண்ணம் பூசவில்லை. அவருடைய உருளையால் அதற்குப் பின் ஒரு சுள்ளிகூடத் தவறி விழவில்லை. இரும்பைத் திருத்திவிட்டார். மனுஷனைத் திருத்தாமல் விட்டுவிட்டார்.

எமெட் ‘ரெண்டா இருந்திருக்குமோ’ என்று தொடங்கி, ஒரு மாதத்தில் ‘ரெண்டுதான்’ என்று முடித்துவிட்டான். கை ஆறிய பிறகும் கயிற்றைத் தொடவில்லை. மரத்தூள் லாரி ஓட்டப் போனான். ‘ரெண்டு சுத்து’ என்று அவனுக்குப் பேர் வைத்தார்கள். டோனட் தின்றால் பேச்சை எடுக்கக் கூடாது என்பது வழக்கம், ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? “ஏய் ரெண்டு சுத்து, லாரிக்கு எத்தன சக்கரம், எண்ணிட்டியா?” என்பார்கள். அவனும் சிரிப்பான். வெஸ் கைத்தடியோடுதான் நடந்தான், தெருப் படியேறவும் ஆள் வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள், பேசாமல்.

சர்ச்சில் எமெட் மூன்றாவது வரிசையில் உட்காருவான். லைல் ஆறாவது. ஒவ்வொரு வாரமும் எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார்கள். கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. லைல் எமெட்டின் பிடரியைப் பார்த்துக்கொண்டே நானூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பார்.

“அந்த எமெட் பையன் வந்தா மட்டும் நீ ஏன் கராஜுக்குள்ள ஓடிடற?” என்று மார்லிஸ் ஒருநாள் கேட்டாள்.

“எங்க ஓடினேன்? வேலை கெடக்கு.”

“கெடக்கும் கெடக்கும்,” என்றாள் அவள்.

2003 ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை காலை, ஓட முடியாதபடி எமெட் கராஜுக்கே வந்துவிட்டான். கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று.

“லைல், உங்களுக்கு நேரம் இருக்கா? அஞ்சு நிமிஷம் போதும். சிரிக்கக் கூடாது.”

“உக்காருப்பா. நான் எதுக்குச் சிரிக்கறேன்?”

துணியைப் பிரித்தான். ஆல்டர் மரத்தில் கத்தியால் செதுக்கிய ஒரு உருளை. லைலின் உருளையைப் போலத்தான், ஆனால் உடம்பில் ஐந்து பள்ளங்கள் வளையம் வளையமாக வெட்டியிருந்தான். ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஒரு வெள்ளைக் கோடு. நுனியில் அகலமான உதடு, கயிறு துள்ளிக் கழல முடியாதபடி.

“ஒரு சுத்துக்கு ஒரு பள்ளம். கயிறு உக்காந்தா வெள்ளைக் கோடு மறைஞ்சுடும். இப்ப பாருங்க.” பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துச் சுற்றினான். உள்ளங்கையில் பழைய தழும்பு மினுமினுத்தது. “மூணு கோடு மறைஞ்சா மூணு சுத்து. கயிறு பிடிக்கறவன் எண்ண மறந்தாக்கூட, பத்தடி தள்ளி நிக்கறவன் பாத்துடலாம். மேல இருக்கறவன்கூடப் பாக்கலாம்.”

லைல் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தோன்றாத யோசனை. ஒன்றரை வருடம் பீப்பாயோடு மல்லுக்கட்டியவருக்குத் தோன்றாதது. பள்ளத்தின் ஆழம், வளைவு, உதட்டின் சரிவு, எதிலும் குறை சொல்ல இடமில்லை.

“எத்தன நாளாச்சு இதச் செய்ய?”

“ஆறு குளிர்காலம். லாரி ஓட்டாத நாள்ல. பதினோரு தடவ செதுக்கி அடுப்புல போட்டேன். என்ன மாதிரி முட்டாள் ஒருத்தன் இனிமே வராமயா இருப்பான், லைல்? அவன் தம்பியாவது ஒழுங்கா நடக்கட்டும்.”

செய்யாத தப்பு இனி யாருக்கும் நேராமல் இருக்க ஆறு குளிர்காலம் செதுக்கியிருக்கிறான்! வெட்கம் காது வரைக்கும் சூடாக ஏறியது. அதே நேரம் ஒரு திருட்டு யோசனையும் கூடவே ஏறியது: இதை இரும்பில் செய்துகொடுத்துவிடு. நல்லபடியாகச் செய்து, அவன் பேரில் ஊரெல்லாம் கொடு. சொல்லாமலே கடனைத் தீர்த்துவிடலாம். ஒன்பது வருடம் மூடிய வாய்க்கு அது இதமாகத்தான் இருந்தது.

“செஞ்சுடலாம்,” என்றார். “இரும்புல கடைஞ்சு, நானே பத்தவெச்சுத் தரேன்.”

எமெட்டின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! எழுந்தே நின்றுவிட்டான்.

“நெசமாவா? நான் நீங்க திட்டி அனுப்புவீங்கன்னு நெனச்சேன். பேருகூட யோசிச்சுட்டேன், லைல். ‘ரெண்டு சுத்து’ன்னே வெச்சுடலாம். ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பேரு, புதுசாச் சொல்லிக் குடுக்க வேணாம் பாருங்க. நீங்க அந்த அச்ச வெச்சு அடிப்பீங்கள்ல, தகட்டுல? அதுலயே பொறிச்சுடுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். தன்னைக் கேலி செய்து சிரித்துச் சிரித்துப் பழகிப்போன சிரிப்பு.

அச்சுப் பெட்டி மேஜைமேல்தான் இருந்தது. லைல் கை நீட்டி ஒரு எழுத்தை எடுத்தார். இதே சுத்தியலால்தான் ஒன்பது வருடத்துக்கு முன் ‘மூன்று சுற்று’ என்று பொறித்தார். இப்போது ‘ரெண்டு சுத்து’ என்று பொறிக்க வேண்டும். வாயால் சொல்லாமல் விட்ட பொய்யைத் தன் கையால் இரும்பில் அடிக்க வேண்டும், எந்த மழையிலும் அழியாமல். அச்சு விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அவர் எழுந்து போய், புல்வெட்டும் மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். உள்ளே சுருட்டிய கயிறு. மேஜைமேல் போட்டு நுனியைப் பிரித்தார். ஆரஞ்சு நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் இருந்தது.

“இது எந்தக் கயிறு?” என்றான் எமெட்.

“உன் கயிறு. அன்னிக்கு நீ பிடிச்சது.”

“இத ஏன் வெச்சிருக்கீங்க?”

“நீ மூணுதான் சுத்தின, எமெட். நிக்கல. என் வண்ணம் வழுக்கிடுச்சு. மழையில நனைஞ்ச கயிறு அந்தப் பூச்சுல நிக்காது. நான் சோதிச்சுப் பாத்தேன். நீ தப்பே பண்ணல. நான்தான்.”

எமெட் கயிற்றைத் தொடவில்லை. குனிந்து அந்த நிறத்தைப் பார்த்தான்.

“எப்ப சோதிச்ச?”

“அந்த ஞாயித்துக்கிழம. நாலாவது நாள்.”

“நாலாவது நாள்,” என்றான் எமெட். “நாலாவது நாள்லேருந்து உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அந்த டோனட்ட தின்னியே.”

“அப்ப சந்தேகம்தான். ஆனா தின்னேன். ஆமா.”

அடிப்பான் என்று லைல் எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். எமெட் அடிக்கவில்லை. தன்னுடைய மர உருளையை எடுத்து, குழந்தையை மூடுவதுபோல் துணியால் மூடினான்.

“எங்கம்மா போன வருஷம் செத்தா. தெரியும்ல, நீயும் வந்து பெட்டி தூக்கின. கடைசி நாள் வரைக்கும் என் கையப் பிடிச்சுட்டு, ‘உன்ன மன்னிச்சுட்டேன்டா, மன்னிச்சுட்டேன்டா’ன்னு சொல்லிட்டே இருந்தா. நான் செய்யாததுக்கு, லைல். செய்யாததுக்கு என்ன மன்னிச்சுட்டே செத்தா.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்! சாவுக்கு வந்து சவப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தோளில் சுமந்தவர் அவர். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம்.

“வண்டில ஏறு,” என்றான் எமெட்.

மார்லிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. லைல் லாரியின் முன்சீட்டில் ஏறி, கயிற்றுச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டார். எமெட் ஓட்டினான். வெஸ் வீட்டுக்குப் போகிற சாலைதான். ஆனால் பாதியில், டோனட் கடை வாசலில் நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை, இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தான்.

லைலுக்குப் புரிந்தது. இறங்கினார்.

“லைல்! நீங்களா? எத்தன வருஷமாச்சு!” என்றாள் கடைக்காரப் பெண். “எத்தன வேணும்?”

“ஒரு டஜன்.”

“ஏதாவது விசேஷமா?”

“இல்லம்மா,” என்றார்.

வெஸ்ஸின் வீட்டில் மணி அடித்துக் கொஞ்சநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அவன் நடந்து வர நேரமாகும். ஒரு கையில் தடி, மறுகை நிலைப்படியில். முதலில் அண்ணனைப் பார்த்தான். முகம் இறுகியது. அப்புறம் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தான். அது யார் கையில் இருக்கிறது என்று கவனிக்கவில்லை.

“இன்னிக்கு எதக் கீழ போட்ட, ரெண்டு சுத்து?” என்றான்.

எமெட் ஒரு அடி விலகி நின்றான், தம்பிக்கு லைல் முழுசாகத் தெரியும்படி.

“அவன் இல்ல, வெஸ்,” என்றார் லைல். “இது நான் வாங்கினது. உனக்காக. அந்த மேப்பிள் மரத்துக்காக.”

வெஸ் அவரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். அவர் தோளில் தொங்கிய சாக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கயிற்று நுனியைப் பார்த்தான். அதிலிருந்த நிறத்தைப் பார்த்தான். எத்தனையோ வருடம் மரத்தடியில் வேலை செய்தவன், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினான்.

“அப்போ எத்தன சுத்து போட்ட?” என்று கேட்டான்.

“மூணு,” என்றான் எமெட்.

தடி கீழே விழுந்தது. வெஸ் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டான், விழாமல் இருக்கவோ வேறு எதற்கோ. எமெட் அவனைத் தாங்கிப் பிடித்தபடியே உள்ளே கூட்டிப் போனான். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை. பெட்டியை யாரும் வாங்கவில்லை. லைல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.